ஊசி போட்டாச்சு எண்டு சொல்லுறீங்க, எந்த ஊசி?

மாரி மழை தொடங்கினா திருகோணமலையில என்ர கிளினிக்குக்கு பூனைக் கூடையோட வாறாக்கள் கூடிடும். போன கிழமை திருக்கடலூர்ல இருந்து ஒரு அக்கா 2 மாசக் குட்டி ஒண்டைத் துவாயில சுத்திக் கொண்டு வந்தவ, கண் ரெண்டும் பீளை காய்ஞ்சு ஒட்டி, மூக்கடைச்சு வாயால மூச்சு விடுது. "ஊசி போட்டதுதானே டொக்டர்" எண்டா. கார்டைப் பாத்தா தாய்ப்பூனைக்குப் போட்ட விசர்நாய் ஊசி மட்டும்தான்.

அந்த ஊசி கட்டாயம் வேணும், ஆனா அது தடிமனைத் தடுக்காது. பூனைத் தடிமனுக்குப் பெரும்பாலும் காரணம் ஹேர்ப்பிஸ், கலிசி எண்ட ரெண்டு வைரஸ், அதுக்கு வேற ஊசி, பன்லூக்கோபீனியா எண்ட கடும் வயித்தோட்ட வருத்தத்துக்கும் சேர்த்து ஒரே ஊசியா வரும். 6-8 கிழமையில தொடங்கி 3-4 கிழமைக்கு ஒருக்கா, 16 கிழமை ஆகும் வரைக்கும் போடோணும். ஏன் இத்தனை தரம் எண்டு கேப்பீங்க, தாய்ப்பாலில வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின்ர உடம்பில நிக்கும் வரைக்கும் ஊசியை வேலை செய்ய விடாது, அது எப்ப குறையும் எண்டு குட்டியைப் பாத்துச் சொல்லேலாது. ஒண்டோட நிப்பாட்டுறதுதான் இஞ்ச கனபேர் விடுற பிழை. பிறகு 1 வயசுக்குள்ள ஒரு பூஸ்டர்.

ஊசி போட்டாலும் தும்மல் வரலாம், ஆனா இப்பிடிக் கிடக்காது. ஹேர்ப்பிஸ் ஒருக்கா வந்தா உடம்பை விட்டுப் போகாது, வீடு மாறினாலே திரும்பத் தலை தூக்கலாம். கலிசி உடுப்பிலயும் செருப்பிலயும் கூட வரும், வீட்டுக்குள்ளயே இருக்கிற பூனை எண்டு விட்டுடாதீங்கோ.

அந்த அக்கா பனடோல்ல கால்வாசி குடுக்க நினைச்சவவாம். நல்லகாலம் குடுக்கேல்ல. பூனைக்குப் பனடோல் நஞ்சு, சின்னத் துண்டே உயிரை எடுக்கும். தயவுசெய்து குடுக்காதீங்கோ.

மூக்கடைச்சு மணம் தெரியாட்டி பூனை சாப்பிடாது, அதுதான் தடிமனிலயும் பெரிய ஆபத்து. மூண்டாம் நாள் சூடை மீன் அவிச்சு முள்ளெடுத்து இளஞ்சூட்டில மூக்குக்குக் கிட்ட வைக்க, அந்தக் குட்டி மெல்ல நக்கிச்சுது. இடக் கண்ணில வெள்ளைத் தழும்பு நிக்குது. கூடப் பிறந்த 3 குட்டி வீட்டில இருக்காம், தும்மல் தொடங்காட்டி ஊசி போட நாளைக்கே கூடையோட கொண்டு வரச் சொல்லியிருக்கிறன்.