மீன்பிடிவழிப் பரிணாமம்: உள்ளது சிறத்தலா, சிறுத்தலா?

ஒரே கடலில் இரண்டு மீன்கள். ஒன்று ஐந்து வயதிலேயே முட்டையிடும். மற்றது ஒன்பது வயது வரை பொறுத்து, நன்றாகப் பருத்தபின் முட்டையிடும். வலைக்கண் வழியே நழுவ முடியாத பருமனை இரண்டும் ஏழு வயதில் அடைகின்றன என்று வைத்துக்கொள்வோம். முன்னது பிடிபட்டாலும் அதன் குஞ்சுகள் கடலில் திரியும். பின்னது பெரும்பாலும் வாரிசின்றி வலையேறும். பல தலைமுறைகள் இப்படியே கழிந்தால், சீக்கிரம் முதிரவைக்கும் மரபணுக்களே கூட்டத்தில் மிகும். இதுவே மீன்பிடிவழிப் பரிணாமம்.

‘fisheries-induced evolution’ என்ற ஆங்கிலத் தொடரை அப்படியே பெயர்த்து ‘மீன்பிடிப்பால் தூண்டப்பட்ட பரிணாமம்’ என்று எழுதுவோர் உண்டு. நீளம் ஒரு குறை. யாரோ திட்டமிட்டுத் தூண்டியதுபோல ஒலிப்பது பெரிய குறை. (தூண்டிலே ‘தூண்டு’ என்ற வினையில் பிறந்ததுதான் என்பது வேறு கதை.) ‘வழி’ போதும்.

பரிணாமம் வடசொல், ஒன்று மற்றொன்றாக மாறுவது என்று பொருள். ‘evolution’ என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கோ சுருளை விரித்தல் என்று பொருள். இலங்கைத் தமிழில் இது ‘கூர்ப்பு’. ‘உள்ளது சிறத்தல்’ என்பாரும் உண்டு. இரண்டுமே “கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்” என்ற தொல்காப்பிய நூற்பாவில் இருப்பவை. கூர், கழி என்னும் உரிச்சொற்கள் மிகுதியை உணர்த்தும் என்பதே அங்குள்ள செய்தி. உயிரினங்களைப் பற்றிய பேச்சே இல்லை. அருமையான சொற்கள்தான். ஆனால் வலைக்குத் தப்பிய கூட்டத்தில் நடப்பது உள்ளது சிறுத்தல் அல்லவா? மேன்மை, கீழ்மை எதையும் சொல்லாத ‘பரிணாமம்’தான் இங்கே என் தேர்வு.

2002இல் டேவிட் கானவர், ஸ்டீபன் மன்ச் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் அட்லாண்டிக் சில்வர்சைடு மீன்களைத் தொட்டிகளில் வளர்த்துச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். சில தொட்டிகளில் பெரிய மீன்களில் 90 சதவீதத்தையும், சிலவற்றில் சிறியவற்றில் 90 சதவீதத்தையும் தலைமுறைதோறும் அகற்றினார்கள். நான்கே தலைமுறைகளில், சிறியவற்றை இழந்த கூட்டத்தின் சராசரி எடை, பெரியவற்றை இழந்த கூட்டத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கானது.

கடலில் இவ்வளவு தெளிவு கிடைக்காது. பெரியவற்றைப் பிடித்துவிட்டதால் சிறியவை மட்டும் எஞ்சுவது பரிணாமம் ஆகாது. கூட்டம் குறைந்து இரை பெருகினாலும் மீன் வேகமாக வளர்ந்து முன்னதாகவே முதிரும், அதுவும் ஆகாது. மாற்றம் மரபுவழி இறங்க வேண்டும். நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே காட் (cod) என்னும் மீனின் வளம் சரிந்து, கனடா 1992இல் பிடிப்பதற்குத் தடை போட்டது. அந்தச் சரிவுக்கு முன்பே மீன்கள் இளவயதிலும் சிற்றளவிலும் முதிரத் தொடங்கியிருந்ததைப் பழைய பதிவுகள் காட்டின. வளர்ச்சி வேகத்தின் விளைவைக் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் போக்கு மறையவில்லை.