"வெளிநாட்டில் வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறார்களாமே, டாக்டர்?"

ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்து வரும் தம்பதிகளில் யாராவது அவ்வப்போது இதைக் கேட்கிறார்கள். பெரும்பாலும் கணவர்தான் கேட்பார். மொபைலில் ஒரு பிடிஎஃப் தயாராக இருக்கும். "ஆராய்ச்சியே பாதுகாப்பு என்கிறது, நீங்கள் மட்டும் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?" நியாயமான கேள்விதான். "அதெல்லாம் சும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டால் அடுத்த மாதம் அவர்கள் வரமாட்டார்கள், யூடியூபிடம் போய்விடுவார்கள். அதனால் அந்த ஆய்வுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசுவது என் வழக்கம்.

ஒரு மருந்தைச் சோதிப்பதுபோல, பாதிப் பேரை வீட்டுக்கும் பாதிப் பேரை மருத்துவமனைக்கும் குலுக்கல் முறையில் அனுப்பிப் பார்க்க இங்கே வழியில்லை. 1990-களில் இங்கிலாந்தில் அப்படி முயன்றபோது சம்மதித்தவர்கள் 11 பெண்கள். பிறகு நெதர்லாந்தில் முயன்றார்கள், ஒரே ஒருவர்தான் சம்மதித்தார். எங்கே பெற்றுக்கொள்வது என்பதைக் குலுக்கலிடம் விட யாருக்குத்தான் மனசு வரும்? எனவே நம்மிடம் இருப்பவை எல்லாம், அவரவர் விரும்பிய இடத்தைத் தேர்ந்தெடுத்த பெண்களைப் பின்தொடர்ந்து எண்ணியவை.

இதில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. வீட்டில் வலி தொடங்கி, நிலைமை மோசமாகி, மருத்துவமனைக்கு ஓடிவந்து அங்கே குழந்தை இறந்தால் அது யார் கணக்கு? சாதாரணப் பதிவேட்டில் மருத்துவமனைக் கணக்கில்தான் சேரும். வீடு சுத்தமாகத் தெரியும். நல்ல ஆய்வு என்றால், பிரசவம் தொடங்கும்போது எங்கே பெற்றுக்கொள்வதாகத் திட்டம் இருந்தது என்பதை வைத்துத்தான் எண்ணும்.

அப்படி எண்ணிய பெரிய ஆய்வு 2011-ல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த இங்கிலாந்தின் 'பர்த்பிளேஸ்'. ரிஸ்க் குறைவான 64,538 பெண்கள்; அவர்களில் ஏறக்குறைய 17,000 பேர் வீட்டில் பெற்றுக்கொள்ளத் திட்டமிட்டவர்கள். இரண்டாவது, மூன்றாவது குழந்தைக்காரர்களிடம் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் குழந்தையின் நலனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றுவது இந்த வரி. அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் வரி சுற்றுவதில்லை: தலைப்பிரசவத்தில், குழந்தை இறப்பு, மூளைப் பாதிப்பு, மலம் கலந்த பனிக்குட நீரை உறிஞ்சி நுரையீரல் பாதிப்பது போன்றவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் 9.3. அதோடு, வீட்டில் தொடங்கிய தலைப்பிரசவங்களில் நூற்றுக்கு 45 பேரைப் பிரசவத்தின்போதோ முடிந்த உடனேயோ மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஏற்கெனவே பெற்றவர்களில் அது நூற்றுக்கு 12.

என்னிடம் பிடிஎஃப் காட்டுபவர்களில் பலருக்கு அது தலைப்பிரசவம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே ஆய்வில் வீட்டைத் தேர்ந்தெடுத்தவர்களில் சிசேரியன் 2.8 சதவீதம், மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தவர்களில் 11.1. மருத்துவமனைக்கு வந்தவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு வலி தொடங்கும்போதே ஏதோ ஒரு சிக்கல் இருந்தது என்பதைக் கழித்துக்கொண்டாலும், ரிஸ்க் குறைந்த பெண்ணுக்கு மருத்துவமனைக் கட்டில் தேவையில்லாத தலையீடுகளையும் கூட்டிக்கொண்டு வருகிறது என்பதை மறுக்க முடியாது. 2014-ல் அந்நாட்டில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, ஏற்கெனவே சுகமாகப் பெற்ற ரிஸ்க் குறைந்த பெண்களுக்கு வீடும் ஏற்ற இடம்தான் என்று சொன்னது. சரி, அங்கே 'வீடு' என்றால் என்ன?

நெதர்லாந்தைப் பாருங்கள். 2009-ல் வந்த ஆய்வில் 5,29,688 பெண்கள். வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் குழந்தை இறப்பில் வித்தியாசம் இல்லை. ஆனால் ஒப்பிட்டது டாக்டரையும் வீட்டையும் அல்ல. பல ஆண்டு படித்து, உரிமம் பெற்ற மருத்துவச்சியின் கவனிப்பில் வீட்டில் பெறுவதையும், அதே மாதிரி மருத்துவச்சியின் கவனிப்பில் மருத்துவமனையில் பெறுவதையும்தான். யார் வீட்டில் பெறலாம், யாரை எப்போது டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பதற்கு நாடு முழுக்க ஒரே பட்டியல். மருத்துவச்சி பையோடு வருகிறார்: ஆக்ஸிடோசின் ஊசி, ஆக்ஸிஜன், குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பை, குளுக்கோஸ் ஏற்றும் சாமான். அவர் குனிந்து வேலை செய்ய வேண்டியிருக்கும் என்பதால் கட்டிலின் கால்களுக்குக் கட்டை வைத்து உயர்த்துகிறார்கள். தொலைபேசியில் சொன்னால் மருத்துவமனை கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்கிறது.

வீட்டையும் மருத்துவமனையையும் இணைக்கும் அந்த ஏற்பாடு தளர்ந்த இடத்தில் எண் மாறுகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2012, 2013 பிறப்புகளை ஆராய்ந்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. மருத்துவமனைக்கு வெளியே, அதாவது வீட்டிலோ தனிப் பிரசவ மையத்திலோ, பெறத் திட்டமிட்டவர்களிடம் பிரசவத்தை ஒட்டிய குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 3.9, மருத்துவமனையில் 1.8. அந்த ஆண்டுகளில் அங்கே உரிமம் இல்லாதவரும் மருத்துவச்சியாக வேலை செய்ய முடிந்தது.

இப்போது நம் ஊர். 2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்ததில் ஓர் இளம்பெண் இறந்தது பலருக்கு நினைவிருக்கும். அது எந்த ஆய்விலும் 'வீட்டுப் பிரசவம்' என்று எண்ணப்பட்ட வகை அல்ல. கணவர், ஒரு தோழி, ஒரு வீடியோ: இந்தக் கூட்டணியைப் பாதுகாப்பானது என்று சொல்லும் ஆய்வு ஒன்றுகூடக் கிடையாது.

பிரசவம் முடிந்ததும் வரும் உதிரப்போக்குக்கு ஏன் இத்தனை பயப்படுகிறோம் என்று கேட்பார்கள். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் போகிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கர்ப்பப்பைத் தசை இறுகி அந்த ரத்தக்குழாய்களை நெரித்து அடைக்க வேண்டும். இறுகாவிட்டால் குழாயைத் திறந்துவிட்ட மாதிரிதான். பல பெண்களுக்கு இது எந்த முன்னறிகுறியும் இல்லாமல், நல்ல பிரசவத்துக்குப் பிறகுதான் நடக்கிறது. ஒரு ஆக்ஸிடோசின் ஊசியை உடனே போடுவதும், கர்ப்பப்பையை அமுக்கிப் பிடிக்கத் தெரிந்த ஒரு கையும்தான் அந்த நேரத்தில் வேண்டும். குழந்தையிலும் அப்படித்தான். பத்தில் ஒன்றுக்கு மூச்சைத் தொடங்க ஏதோ ஒரு உதவி தேவைப்படுகிறது, அதுவும் முதல் ஒரு நிமிடத்துக்குள். இங்கிலாந்தின் அத்தனை ஏற்பாட்டிலும், மாற்றலாம் என்று முடிவெடுத்ததிலிருந்து மருத்துவமனையில் ஒருவர் பார்க்கும் வரை சராசரியாக முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை தாங்கவைப்பது வீட்டில் இருக்கும் அந்த மருத்துவச்சிதான்.

ஆனாலும் இந்தப் பெண்கள் ஏன் வீட்டை நினைக்கிறார்கள் என்று என் துறையினர் கேட்டுக்கொள்வதே இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சிசேரியன் 44.9 சதவீதம், தனியார் மருத்துவமனைகளில் 63.8. அக்காவுக்கு லேபர் வார்டில் விழுந்த திட்டையும், கேட்காமலே போட்ட வெட்டையும் தையலையும் தங்கை மறக்கமாட்டாள். பயமுறுத்தி மட்டும் இவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுவருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வீட்டில் கிடைக்கும் என்று நினைப்பவற்றில் பெரும்பகுதியை லேபர் ரூமிலேயே கேட்டு வாங்கலாம். வலி நேரத்தில் நடப்பது, உட்காருவது, பிடித்த நிலையில் முக்குவது. அம்மாவோ அக்காவோ கூடவே இருப்பது. நம் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணை 2004-லேயே வந்துவிட்டது. காரணமில்லாமல் கீழே வெட்டுப்போடாமல் இருப்பது, தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டுவது, குழந்தையை நேராக அம்மாவின் மார்பில் போடுவது. இதையெல்லாம் எட்டாம் மாதத்திலேயே டாக்டரிடம் பேசி முடியுங்கள். முகம் சுளிக்கிற டாக்டரை மாற்ற அப்போதும் நேரம் இருக்கிறது. ரிஸ்க் இல்லாத பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையமும் நல்ல இடம். அங்கே சுகப்பிரசவங்களைப் பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸ்கள்தான் பார்க்கிறார்கள், அவசரத்துக்கு 108 வழியாக சீமாங் மையத்துக்கு, அதாவது அவசரப் பிரசவ சிகிச்சை உள்ள அரசு மருத்துவமனைக்கு, அனுப்புகிறார்கள். வெளிநாட்டு ஆய்வுகள் சொல்லும் ஏற்பாட்டுக்கு நம்மிடம் மிக நெருக்கமாக இருப்பது அதுதான்.

கடைசியாக, முதல் குழந்தை சிசேரியன் ஆகி, "இன்னொரு தடவை கத்தி வேண்டாம்" என்று வீட்டுப் பிரசவம் தேடுபவர்கள். எனக்கு அதிகம் கவலை தருவது இவர்கள்தான். சுகப்பிரசவத்துக்கு முயன்றால் நூற்றுக்கு அறுபதிலிருந்து எண்பது பேருக்குக் கைகூடுகிறது, அதனால் ஆசை தப்பில்லை. பழைய தையல் பிரியும் ஆபத்து இருநூறில் ஒருவருக்கு இருக்கிறது, அப்போது சில நிமிடங்களுக்குள் ஆப்பரேஷன் தியேட்டர் வேண்டும். அதனால்தான் இடம் வீடாக இருக்க முடியாது. வரும்போது முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுவாருங்கள். எதற்காக அறுத்தார்கள், கர்ப்பப்பையில் வெட்டு எந்தத் திசையில் என்பது அதில் இருக்கும். தொலைந்துபோயிருந்தால் ஏழாம் மாதத்துக்குள் பழைய மருத்துவமனையில் கேட்டு ஒரு நகல் வாங்கிவிடுங்கள்.