கரண்ட் போனால் உங்கள் மெஷினின் தலை எங்கே நிற்கும்?

ஹட்டனில் சிறிய சிஎன்சி ரவுட்டர்களை, அதாவது கணினி சொல்படி பலகை செதுக்கும் மெஷின்களை, பழுது பார்ப்பது என் தொழில். போன ஐப்பசியில் ஒரு தம்பி கையில் கட்டோடு வந்தார். பெயர்ப்பலகை செதுக்குபவர். "அண்ணே, பிட் மாத்திக்கிட்டு இருந்தேன். இடி இடிச்சு கரண்ட் போச்சு. தலை அப்படியே கையில இறங்கிருச்சு" என்றார். மூன்று தையல் போட்டிருந்தார்கள். பிட், அதாவது வெட்டும் அலகு, சுற்றாமல் நின்றிருந்ததால் விரல் தப்பியது.

அவர் மெஷினைத் தானே கட்டியவர், நல்ல கைக்காரர். முதலில் அரைக் கிலோகூட இல்லாத சின்ன ஸ்பிண்டிலும் (பிட்டைச் சுற்றும் மோட்டார்), தலையை ஏற்றி இறக்க 8 மி.மீ லீட் (ஒரு சுற்றில் நகரும் தூரம்) உள்ள சாதாரண ஸ்குரூவும்தான் இருந்தன. ஆழம் சீராக வரவில்லை என்று, 1.5 கிலோவாட் ஸ்பிண்டிலும் 10 மி.மீ லீட் பால் ஸ்குரூவும் போட்டார். பிடிமானத் தகட்டோடு சேர்த்தால் அந்தத் தலை ஐந்து கிலோவுக்கு மேல்.

சாதாரண ஸ்குரூவில் பித்தளை நட்டு உரசும். அந்த உரசல்தான் லேசான தலையைத் தாங்கி நிற்கிறது. பால் ஸ்குரூவில் குண்டுகள் உருள்வதால் உரசல் மிகக் குறைவு. அதனால்தான் வெட்டு துல்லியமாக வருகிறது, அதனால்தான் தலையும் விழுகிறது. கரண்ட் இருக்கும்வரை ஸ்குரூவைச் சுற்றும் மோட்டார் பிடித்துக்கொள்ளும். போன நொடியில் பிடி விட்டுவிடும். எங்கள் மலையில் ஐப்பசி மாலை இடியில் கரண்ட் போவது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

தலை மேலும் கீழும் போகும் இசட் அச்சுக்கு 10 மி.மீ லீட் வேண்டாம் என்பேன். 4 அல்லது 5 மி.மீ போதும். வேகம் குறையும், ஆனால் மேலும் கீழும் போக அவ்வளவு வேகம் எதற்கு? ஏற்கெனவே மாட்டிவிட்டீர்கள் என்றால், அலமாரிக் கதவுக்குப் போடும் காஸ் ஸ்ப்ரிங் ஒன்று தலையின் பாரத்தைத் தாங்கும். ஐந்தரைக் கிலோ தலைக்கு 60 நியூட்டன் அளவில் உள்ளது பொருந்தும். அந்தத் தம்பியின் மெஷினுக்கு அதைத்தான் போட்டேன். தலைக்குக் கீழே கட்டை வைத்து, மெயின் சுவிட்சை அணைத்து, கட்டையை மெதுவாக இறக்கிப் பார்த்தோம். நின்றது.

இன்னொன்று. மோட்டார்களை ஓட்டும் ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள் உள்ள மெஷினில் $1 என்ற அமைப்பு வழக்கமாக 25 ஆக இருக்கும். நகர்ந்து முடிந்து 25 மில்லி செக்கனில் மோட்டாரை விட்டுவிடும் என்று பொருள். கரண்ட் போகாமலே தலை சரியும். அதை 255 ஆக்குங்கள், மோட்டார் எப்போதும் பிடித்தபடி இருக்கும்.

ஸ்குரூவை மாற்றியவர்கள், தலை ஒரு மி.மீ நகர எத்தனை ஸ்டெப் என்று சொல்லும் $102 ஐ மாற்ற மறப்பதையும் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் எடுக்கும் மோட்டார், ஒவ்வொரு ஸ்டெப்பும் 16 மைக்ரோ ஸ்டெப்பாகப் பிரிகிறது என்றால் 8 மி.மீ லீட்டுக்கு 400, 10 மி.மீ லீட்டுக்கு 320. பழைய 400 ஐயே விட்டால் 3 மி.மீ ஆழம் கேட்கும் இடத்தில் 3.75 மி.மீ இறங்கும்.

பாரம் கூடியதால் $122 என்ற முடுக்கத்தையும் குறைக்க வேண்டிவரும். தேவையா என்று பார்க்க, பிட்டை ஒரு காகிதத்தைத் தொட வைத்து, 50 தடவை ஏற்றி இறக்கி, மறுபடி அதே உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். காகிதத்தில் அழுத்தினால் மேலே போகும்போது ஸ்டெப் தவறுகிறது.

அவசர நிறுத்த பட்டனையும் கவனியுங்கள். பலர் அதை முழு மெஷினுக்குமான கரண்டில் கோர்க்கிறார்கள். ஆபத்து என்று அழுத்தும்போது, எந்தத் தலை கையை நசுக்கப் பார்க்கிறதோ அதுவே கீழே வரும். காஸ் ஸ்ப்ரிங்கோ, பிரேக் உள்ள மோட்டாரோ போட்ட பிறகே அந்தப் பட்டனை நம்புங்கள். அதுவரை பிட் மாற்றும்போது தலைக்குக் கீழே ஒரு கட்டை நிற்கட்டும்.