மைனா முட்டையின்ட நீலம் தாயின்ட உடம்பைப் பற்றி என்ன சொல்லுது?

போன மாசம் எங்கட வெள்ளவத்தை ஃப்ளாட் பல்கனியில அரை முட்டைக்கோது ஒண்டு கிடந்தது. பெரிய நெல்லிக்காயை ரெண்டா வெட்டின அளவு இருக்கும். மேல ஏசி பெட்டிக்குப் பின்னால ஒரு மைனாச் சோடி கூடு வைச்சிருந்தது, குஞ்சு பொரிச்சா தாயோ தகப்பனோ கோதைக் கவ்விக்கொண்டு போய்க் கூட்டுக்கு வெளியில போட்டிடும், அப்பிடி விழுந்த கோதுதான் இது. நிறம் எண்டால் அப்பிடி ஒரு நீலம், ஒரு புள்ளிகூட இல்லை. பக்கத்து வீட்டு அன்ரிக்குக் காட்டினன். "ஏன் தம்பி, கோழி முட்டை மட்டும் ஏன் இப்பிடி வாறேல்ல?" எண்டு கேட்டா. சின்னக் கேள்விதான், ஆனா அதுக்குப் பின்னால போனா பறவையின்ட ரத்தம், ஈரல், சாப்பாடு எல்லாத்தையும் தொட்டுக்கொண்டு வரவேண்டிக் கிடக்கு.

முதல் நான் அந்தக் கோதின்ட உள்பக்கத்தைத் திருப்பிப் பாத்தன். உள்ளேயும் நீலம். பிறகு குசினியில கிடந்த சிவப்பு முட்டை ஒண்டை உடைச்சு, உள்ள ஒட்டியிருக்கிற மெல்லிய தோலை உரிச்சுப்போட்டுப் பாத்தன், உள்பக்கம் கிட்டத்தட்ட வெள்ளை. நீங்களும் செய்து பாக்கலாம். ரெண்டும் வேற வேற சாயம், கோதுக்குள்ள போற விதமும் வேற. நீலச்சாயம் கோது முழுக்க ஊறியிருக்கும், மண்ணிறச் சாயம் பெரும்பாலும் கடைசி நேரத்தில மேல பூசுப்படுறது.

உலகத்தில இருக்கிற அத்தனை பறவைகளின்ட முட்டை நிறத்துக்கும் முக்கியமா இந்த ரெண்டு சாயம்தான் காரணம். நீலம், பச்சைக்கு பிலிவெர்டின். மண்ணிறம், சிவப்புப் புள்ளிக்கு புரோட்டோபோர்பிரின். காகத்தின்ட முட்டையில ரெண்டும் இருக்கு, நீலப்பச்சையில மண்ணிறத் தெறிப்பு. கிளி, மீன்கொத்தி மாதிரிப் பொந்துக்குள்ள முட்டையிடுற கனக்கப் பறவைக்கு வெறும் வெள்ளை.

ரெண்டு சாயத்துக்கும் ஒரே மூலம், ஹீம். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் குடுக்கிற பொருள் அதுதான், ஒரு வளையம், நடுவில ஒரு இரும்பு அணு. உடம்பு ஹீமைச் செய்யேக்க இரும்பை வைக்கிறதுக்கு ஒரு படி முன்னால இருக்கிற வளையம்தான் புரோட்டோபோர்பிரின். செய்து முடிஞ்ச ஹீமை உடைச்சு வளையத்தைத் திறந்து விட்டா வாறது பிலிவெர்டின். இது எங்கட உடம்பிலயும் நடக்குது, எங்கயாவது அடிபட்டுக் கண்டிப்போன இடம் சில நாளைக்குப் பிறகு பச்சையாத் தெரியுறது பிலிவெர்டினாலதான். கோழி துப்புரவாக்கின ஆக்களுக்கு இன்னும் வடிவா விளங்கும், ஈரலோட ஒட்டிக்கொண்டு கரும்பச்சையா ஒரு சின்னப் பை இருக்குமே, அது உடைஞ்சா இறைச்சி முழுக்கக் கசக்கும், அந்தப் பித்தத்தின்ட பச்சையும் இதே பிலிவெர்டின்தான். நாங்கள் அதை இன்னொரு படி மாத்தி மஞ்சள் பிலிருபின் ஆக்குறம், செங்கமாரி வந்தா கண்ணில தெரியுற மஞ்சள் அது. பறவைகள் பெரும்பாலும் பச்சையோடயே நிப்பாட்டிடும்.

முட்டை கோழிக்குள்ள உருவாக ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும், அதில 20 மணித்தியாலத்துக்குக் கிட்ட கோது சுரக்கிற சுரப்பிக்குள்ளதான் இருக்கும், சாயத்தையும் பெரும்பாலும் அந்தச் சுரப்பியே செய்யுது. சுரப்பிக்கு என்ன நடந்தாலும் கோதில தெரியும். கோழி வளக்கிற ஆக்களுக்கு இது பழைய விசயம். சிவப்பு முட்டை போடுற கோழிக்குத் தொற்றுச் சளிநோய் வந்தா முட்டை வெளிறிப் போகும், பயந்தாலும் வெளிறும், வயசு போனாலும் வெளிறும்.

காட்டுப் பறவைக்கு வருவம். 2003ல ஹுவான் மொரேனோ, ஹோசே லூயிஸ் ஓசோர்னோ எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கருத்தைச் சொல்லிச்சினம். பிலிவெர்டின் உடம்புக்குள்ள ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட், செல்லுகளை அரிக்கிற மூலக்கூறுகளைப் பிடிச்சு அடக்கும். முட்டையிடுற காலம் பெண் பறவைக்குச் சரியான கஷ்டமான காலம், ஒவ்வொரு நாளும் ஒரு முட்டை எண்டு அஞ்சாறு போடவேணும், அந்த நேரத்தில தனக்குத் தேவையான ஒரு பொருளை எடுத்துக் கோதில ஊத்திவிடுது எண்டால் அந்தத் தாயிட்ட மிச்சம் இருக்கு, உடம்பு நல்லா இருக்கு எண்டுதானே அர்த்தம். நீலம் கூடக்கூடத் தாய் சுகதேகி. ஆண் பறவை அதைப் பாத்து, இந்தக் குஞ்சுகளுக்கு மினக்கெட்டு இரை கொண்டு வாறது பிரயோசனம் எண்டு எடுக்கும். இதுதான் அவையின்ட கருத்து.

வடிவாப் பாத்தா இதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. நீலம் உண்மையிலேயே தாயின்ட உடல்நிலையைக் காட்டுதா? காட்டினாலும் ஆண் அதைப் பாத்து நடக்குதா? கனபேர் ரெண்டையும் ஒண்டாக் குழைச்சுக் கதைக்கிறதாலதான் சிக்கல் வாறது எண்டு நான் நினைக்கிறன்.

முதல் கேள்விக்குச் சாட்சி இருக்கு. ஸ்பெயினில பைட் ஃப்ளைகேச்சர் எண்ட சின்ன ஈப்பிடிப்பான் குருவிகளுக்கு முட்டையிடுறதுக்கு முன்னால மேலதிகமாச் சாப்பாடு வைச்சுப் பாத்தினம், சாப்பாடு கிடைச்ச பெண்களின்ட முட்டை கூடுதலான நீலமா வந்தது, 2006ல வெளிவந்த ஆய்வு அது. அதே குருவியில, கடும் நீல முட்டையின்ட மஞ்சள் கருவுக்குள்ள தாய் குடுத்த நோய் எதிர்ப்புப் புரதமும் கூட இருந்ததாம், எனக்கு இதுதான் எல்லாத்திலயும் பெரிய விசயமாப் படுது, ஏனெண்டால் வெளியில தெரியுற நிறமும் உள்ள குஞ்சுக்குக் கிடைக்கிற பாதுகாப்பும் ஒரே தாயின்ட ஒரே கையிருப்பில இருந்து போகுது. நீலக்கால் பூபி எண்ட கடற்பறவைக்குக் கரட்டினோயிட் குடுத்தபோதும் முட்டை நிறம் கூடினது. கரட், மாம்பழத்துக்கு நிறம் குடுக்கிற சாமான் அது.

ரெண்டாவது கேள்வி அவ்வளவு லேசா முடியேல்ல. கனடாவில அமெரிக்கன் ரொபின் எண்ட குருவியின்ட கூடுகளில செயற்கை முட்டை வைச்சுப் பாத்தினம், சிலதில வெளிறின நீலம், சிலதில பளிச்செண்ட நீலம். பளிச்செண்ட முட்டையைப் பாத்த ஆண்கள், குஞ்சுகள் சின்னனா இருக்கேக்க கூட இரை கொண்டு வந்ததுகள். ஆனா இன்னொரு வகை ஈப்பிடிப்பானில, கொலர்ட் ஃப்ளைகேச்சரில, முட்டைகளைக் கூடு மாத்தி வைச்சுப் பாத்தபோது ஆண்கள் நிறத்தைக் கணக்கெடுத்ததாத் தெரியேல்ல. ஒரு குருவியில சரி, மற்றதில இல்லை.

எங்கட மைனாவையே எடுங்கோ. ஏசி பெட்டிக்குப் பின்னால மத்தியானத்திலயும் இருட்டு, அந்த இருட்டுக்குள்ள ரெண்டு நீலத்துக்கு இடையில இருக்கிற சின்ன வித்தியாசம் ஆணுக்குத் தெரியுமா? அதோட நிறத்துக்கு வேற காரணங்களும் இருக்கு. தெஹிவளைப் பக்கம் வளவுகளில கூட்டமாத் திரியுற புலுனியின்ட முட்டை மைனாவின்டயை விடக் கடும் நீலம், அதுக்குள்ள களவா முட்டையிடுற சுடலைக்குயிலின்ட முட்டையும் நீலம்தான். சுடலைக்குயில் தன்ர ஆரோக்கியத்தைக் காட்ட நீலம் பூசேல்ல, புலுனியை ஏமாத்தப் பூசுது. சித்திரை வருசப்பிறப்புக்கு முன்னால கொழும்பெல்லாம் கூவுற குயிலும் காகக் கூட்டுக்குள்ள இதே வேலைதான் செய்யுது.

மண்ணிறப் புள்ளியின்ட கதை வேற. புரோட்டோபோர்பிரின் பிலிவெர்டினுக்கு எதிர்மாதிரி, வெளிச்சம் பட்டால் செல்லுக்குக் கெடுதல் செய்யக்கூடியது. கள்ளநோட்டுப் பாக்கிற ஊதா டோர்ச் ஒண்டு இருந்தா, இருட்டறையில சிவப்பு முட்டைக்கு மேல பிடிச்சுப் பாருங்கோ, முட்டை ரோஸ் சிவப்பா ஒளிரும், அது இந்தச் சாயம்தான். (டோர்ச்சைக் கண்ணுக்கு நேர பிடிக்க வேண்டாம், பிள்ளையளிட்டக் குடுக்கவும் வேண்டாம்.) 2005ல ஆண்ட்ரூ கோஸ்லரும் கூட்டாளிகளும் ஒக்ஸ்ஃபோர்ட் பக்கத்து வைத்தம் காட்டில பெரிய பட்டாணிக்குருவி முட்டைகளைப் பாத்தினம். புள்ளி இருந்த இடத்தில கோது மெல்லிசு. மண்ணில கல்சியம் குறைஞ்ச பக்கம் முட்டையிட்ட தாய்களுக்குப் புள்ளியும் கூட. கோதுக்குக் கல்சியம் காணாத இடத்தைச் சாயம் பலப்படுத்துது எண்டு அவை விளங்கப்படுத்திச்சினம். அப்பிடியெண்டால் அந்தத் தாயின்ட புள்ளி பெருமைக்குரிய அடையாளம் இல்லை, தட்டுப்பாட்டின்ட அடையாளம். நீலம் கூடினால் நல்லம், புள்ளி கூடினால் குறை எண்டு எல்லாப் பறவைக்கும் ஒரே சட்டம் போடவும் ஏலாது, ஒவ்வொரு இனத்திலயும் தனித்தனியா அளந்துதான் சொல்லவேணும்.

அளக்கிறதும் கண்ணால இல்லை. பறவைக்கு எங்களுக்குத் தெரியாத புறஊதா நிறமும் தெரியும், அதால ஸ்பெக்ட்ரோமீட்டர் எண்ட, ஒளியை நிறம் நிறமாப் பிரிச்சு அளக்கிற கருவி வைச்சுத்தான் அளக்கினம், அதுவும் முட்டையிட்டுக் கனநாள் போகமுதல். ஏனெண்டு எனக்குப் பேந்துதான் விளங்கினது. அந்தக் கோதில ஒரு துண்டை ஜன்னல் ஓரத்தில வைச்சனான், மற்றதை நெருப்புப்பெட்டிக்குள்ள போட்டு அலுமாரிக்குள்ள வைச்சனான். நேற்று ரெண்டையும் எடுத்துப் பக்கத்தில பக்கத்தில வைச்சன், ஜன்னல் துண்டு வெளிறிச் சாம்பல் மாதிரி வந்திட்டுது, பெட்டிக்குள்ள இருந்தது அண்டைக்குப் பாத்த அதே நீலம். அன்ரிக்கு ரெண்டையும் கொண்டுபோய்க் காட்டவேணும்.