திரும்பி வரும்போதுதான் எடை: வேட்டைக்கான முதுகுப்பை எப்படிச் சுமக்கிறது?

மலையேறுபவரின் முதுகுப்பை நாள் ஆக ஆக இலேசாகும். சாப்பாடு தீரும், எரிவாயு தீரும், கடைசி நாளில் எடை நன்றாகக் குறைந்திருக்கும். வேட்டைக்குப் போகிறவருக்கு இது தலைகீழ். போகும்போது தண்ணீர், உணவு, மழைச்சட்டை, தொலைநோக்கி, கத்தி, முதலுதவிப் பெட்டி எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். வேட்டை அமைந்துவிட்டால் அதே பையில் முப்பது, முப்பத்தைந்து கிலோ ஏறும். ஒரு பெரிய எல்க் மானின் பின்தொடை மட்டுமே எலும்போடு 25 முதல் 35 கிலோ வரை வரும். வேட்டையாடியதை வீணாக்காமல் கொண்டுவர வேண்டும் என்பது உரிமத்தோடு வேட்டையாடும் இடங்களில் பெரும்பாலும் சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் அது உயிருக்குச் செய்ய வேண்டிய மரியாதை.

ஆகவே பை வாங்கும்போது எல்லோரும் முதலில் கேட்கும் "எத்தனை லிட்டர்?" என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம் என்பது என் கருத்து. முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பையின் எலும்புக்கூடு, அதாவது சட்டகம். ஏன் என்று புரிய, எடை உடம்பில் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

தோள் எடை தாங்குவதற்கான இடம் அல்ல. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கொத்து காறையெலும்புக்கு அடியில்தான் ஓடுகிறது. பல மணி நேரம் வார் அதை அழுத்தினால் கை மரத்துப்போகும், பலம் குறையும், சிலருக்குத் தோள்பட்டை எலும்பு பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும். ராணுவப் பயிற்சியில் கனமான பை சுமந்தவர்களிடம் இதை நிறையப் பார்த்த மருத்துவர்கள், முதுகுப்பை வாதம் என்றே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சட்டகமும் இடுப்புப் பட்டையும் இல்லாத பைகளால்தான் இது அதிகம் வருகிறது. இடுப்பெலும்பு வேறு மாதிரி. நம் மேலுடம்பின் மொத்த எடையும் அதன் வழியாகத்தான் எப்போதும் காலுக்கு இறங்குகிறது. அதன் மேல் விளிம்பு இருபக்கமும் வெளியே விரிந்து, ஒரு பட்டை உட்காருவதற்கு வாகான மேடாக இருக்கிறது. எடையை அங்கே உட்கார வைத்துவிட்டால் முதுகெலும்பும் தோளும் பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் இடுப்புப் பட்டை கீழ்நோக்கிய எடையை மட்டும்தான் தாங்கும். பை பின்னால் சாய்வதை அது தடுக்காது. இங்கேதான் நெம்புகோல் கணக்கு வருகிறது. 30 கிலோ எடையின் ஈர்ப்பு மையம் உங்கள் முதுகிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 கிலோ என்பது ஏறக்குறைய 294 நியூட்டன். அதை 0.20 மீட்டரால் பெருக்கினால் கிட்டத்தட்ட 59 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை. இடுப்புப் பட்டையை அச்சாக வைத்து இந்த விசை பையைப் பின்னால் கவிழ்க்கப் பார்க்கிறது. அதற்கு 45 செ.மீ. மேலே இருக்கும் தோள் வார்தான் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். 59-ஐ 0.45-ஆல் வகுத்தால் 131 நியூட்டன். அதாவது முழு எடையையும் இடுப்பே தாங்கினாலும், நிமிர்ந்து நிற்கும் உங்கள் தோளைப் பதிமூன்று கிலோ எடைக்கு ஈடான விசை பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். அதே 30 கிலோவை முதுகுக்கு 12 செ.மீ. அருகில் கொண்டுவந்தால் இழுவை எட்டு கிலோவாகக் குறைந்துவிடுகிறது. ஒரு கிராம்கூடக் குறைக்கவில்லை, இடத்தை மாற்றியதற்கே இவ்வளவு வித்தியாசம். நிறைந்த வாளியைக் கையை நீட்டித் தூக்குவதற்கும் உடம்போடு ஒட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

நடப்பவர் முன்னால் குனிவதும் இதே காரணத்தால்தான். 70 கிலோ மனிதர் 30 கிலோ சுமந்தால் மொத்தம் 100 கிலோ. பையின் மையம் உடம்பின் மையத்துக்கு 25 செ.மீ. பின்னால் இருந்தால், இரண்டும் சேர்ந்த மையம் 7.5 செ.மீ. பின்னால் நகர்கிறது. கணுக்காலுக்குப் பின்னால் குதிகால் நீண்டிருப்பது சில சென்டிமீட்டர்தான். அதற்கு மேல் மையம் பின்னால் போனால் மல்லாந்து விழ வேண்டியதுதான். அதனால் உடம்பு தானாகவே குனிந்து மையத்தைப் பாதத்துக்கு மேல் கொண்டுவருகிறது. அந்தக் குனிவைத் தாங்குவது கீழ் முதுகுத் தசை. மாலையில் வலிப்பதும் அதுதான்.

சரி, சட்டகம் எதற்கு? இடுப்பில் எடை உட்கார வேண்டுமானால் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே விறைப்பான ஏதோ ஒன்று தூண் மாதிரி நிற்க வேண்டும். வெறும் துணிப்பையில் முப்பது கிலோ ஏற்றினால் அது நடுவில் மடங்கி உட்காரும். மடங்கியதும் இடுப்புப் பட்டை சும்மா தொங்க, எடை முழுக்கத் தோளுக்குத் திரும்பிவிடும். வாங்கும் முன் இதைச் சோதிக்கலாம்: பையைத் தரையில் நிறுத்தி, சட்டகத்தின் உச்சியில் இரு கையாலும் பலமாக அழுத்திப் பாருங்கள். வில்லாக வளைந்து நெளிந்தால் அது பகல்நேர நடைக்கான பை, இறைச்சி சுமக்க உதவாது. அலுமினியப் பட்டையின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டகத்தில் கூடும் இருநூறு, முந்நூறு கிராமுக்கு நான் தயங்க மாட்டேன்.

இது பழைய அறிவு. 1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதரான ஓட்ஸியின் அருகே வளைத்த ஹேசல் மரக் குச்சியும் லார்ச் மரப் பலகைகளும் கிடந்தன. அது முதுகில் மாட்டும் சுமைச் சட்டகம் என்பதே பரவலான கணிப்பு. அவரிடம் வில்லும் அம்பறாத்தூணியும்கூட இருந்தன. 1920-களில் அமெரிக்காவில் லாய்ட் நெல்சன் மரச்சட்டகத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1952-இல் கலிஃபோர்னியாவில் டிக் கெல்டி அலுமினியச் சட்டகப் பைகளை விற்கத் தொடங்கினார். எடையை இடுப்புக்கு மாற்றும் பட்டை பரவலானதில் அவர் பைகளுக்குப் பெரிய பங்குண்டு. 1967-இல் கிரெக் லோ சட்டகத்தைப் பைக்குள்ளேயே வைத்தார். இன்றைய வேட்டைப் பைகள் இரண்டையும் கலந்தவை: சட்டகம் தனி, பை தனி, நடுவில் பிரித்து இடம் விடலாம்.

அந்த நடு இடம்தான் எனக்கு இவற்றில் மிகப் பிடித்த அம்சம். இறைச்சியில் பெரும்பகுதி தண்ணீர், ஒரு லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வரும். ஆக 30 கிலோ இறைச்சிக்கு 30 லிட்டர்கூட வேண்டாம். அதைப் பெரிய பையின் வாய் வழியாகப் போட்டால் என்ன ஆகும்? நழுவி அடியில் போய், முதுகை விட்டுத் தள்ளி, உருண்டையாகத் தொங்கும். அதற்குப் பதில் பையைச் சட்டகத்திலிருந்து விடுவித்து, இறைச்சியைச் சட்டகத்தோடு ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வருகிற உயரத்தில் வைத்து, மேலே பையைப் போட்டு வார்களால் இறுக்கிக் கட்ட வேண்டும். கனமானது முதுகோடு ஒட்டுகிறது, இலேசான துணிமணி வெளியே போகிறது. அந்தப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கணக்கு இப்படித்தான் நடைமுறைக்கு வருகிறது. செங்குத்தான பாறைச் சரிவில் இறங்கும்போது மட்டும் எடையைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டுவது நல்லது. உயரத்தில் இருக்கும் எடை பக்கவாட்டில் ஆடினால் அதை நிறுத்துவது கடினம்.

இறைச்சியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றக் கூடாது. சூடும் ஈரமும் வெளியேறாமல் பாக்டீரியா வேகமாகப் பெருகும். காற்றுப் போகும் மெல்லிய துணிப்பையில் கட்டி, நிழலில் ஆறவிட்டு, அப்புறம் ஏற்றுங்கள். ரத்தம் ஊறாமல் இருக்கச் சட்டகத்தின் மீது கழுவக்கூடிய விரிப்பு ஒன்றைப் போடலாம்.

இனி பையை உடம்புக்குப் பொருத்துவது. இதில் பார்க்க வேண்டியது உங்கள் உயரம் அல்ல, முதுகின் நீளம். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கு நேரான முதுகுப் புள்ளி வரை அளக்க வேண்டும். ஒரே உயரமுள்ள இருவருக்கு இது பல சென்டிமீட்டர் வேறுபடலாம். அளந்த பிறகு பையில் பதினைந்து கிலோவாவது ஏற்றி, எல்லா வாரையும் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். முதலில் இடுப்புப் பட்டை. அதன் மெத்தையின் நடுக்கோடு எலும்பு விளிம்பின் மீது இருக்க வேண்டும். வயிற்றில் ஏறினாலோ தொடைக்கு இறங்கினாலோ பயனில்லை. அதை நன்றாக இறுக்கிய பிறகே தோள் வார், அதுவும் முதுகோடு பை ஒட்டும் அளவுக்கு மட்டும். அடுத்து, தோளிலிருந்து சட்டகத்தின் உச்சிக்குப் போகும் சிறிய மேல்வார்கள். இவை ஏறக்குறைய 45 பாகை சாய்வில் மேலேறினால் பையின் தலையை முன்னால் இழுத்து, தோளின் மேற்பகுதியிலிருந்து அழுத்தத்தை எடுத்துவிடும். சட்டகம் தோளைவிட உயரமாக இல்லாவிட்டால் இந்த வார்கள் கிடைமட்டமாகக் கிடக்கும். அப்போது அவை வெறும் அலங்காரம். மார்பு வார் கடைசியில், மூச்சு முட்டாத அளவுக்கு.

நடக்கும்போது நம் இடுப்பு ஒவ்வோர் அடிக்கும் ஐந்து சென்டிமீட்டர் அளவில் ஏறி இறங்குகிறது. பையும் கூடவே ஏறி இறங்க வேண்டும். கட்டு தளர்ந்திருந்தால் உடம்பு ஏறும்போது பை இறங்கும், அடுத்த அடியில் அது இடிக்கும். பக்கவாட்டு வார்களை வழியில் அடிக்கடி இறுக்குவது இதற்காகத்தான். எடையை எங்கே வைக்கிறோம் என்பதைப் பற்றி 1969-இல் சூல், கோல்ட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த அளவீடு ஒன்று உண்டு: உடம்பின் சொந்த எடையில் ஒரு கிலோவுக்கு ஆகும் ஆற்றலைப் போல, கையில் பிடிக்கும் ஒரு கிலோவுக்கு இரண்டு மடங்கு வரையும், பாதத்தில் கட்டும் ஒரு கிலோவுக்கு நான்கு முதல் ஆறு மடங்கும் ஆனது. எனவே திரும்பும் வழியில் துப்பாக்கியைக் கையில் பிடித்து வருவதைவிட, குண்டுகளை எடுத்துவிட்டுப் பையின் பக்கத்தில் கட்டுவது மேல். மறுபக்கம் தண்ணீர்க் குப்பியை வைத்தால் சமன் ஆகும்.

துணியைப் பற்றியும் கொஞ்சம். செடியில் உரசும்போது எழும் கரகரப்பு உயர் அதிர்வெண் ஒலி, மான் நம்மைவிட உயர்ந்த அதிர்வெண்களையும் கேட்கும். தண்ணீர் ஊறாத பளபளப்பான அடுக்குத் துணிகள் மழைக்கு அருமை, ஆனால் சத்தம் போடும். நிறம் அவ்வளவு முக்கியம் அல்ல. மானின் கண்ணில் சிவப்பை உணரும் கூம்பு செல் இல்லை. ஆரஞ்சு அதற்கு மங்கலாகத்தான் தெரியும், நீலம்தான் எடுப்பாகத் தெரியும். மற்ற வேட்டைக்காரர்களின் கண்ணுக்கோ ஆரஞ்சு தூரத்திலிருந்தே தெரியும். அதற்காக நீங்கள் போடும் ஆரஞ்சுச் சட்டையைப் பெரிய பை மறைத்துவிடும் என்பதால், பையின் மீதும், கொம்பைக் கட்டி வந்தால் அதன் மீதும் ஆரஞ்சுத் துணி கட்டுங்கள். இதில் சோம்பல் வேண்டாம்.

பருவம் தொடங்கும் முன்னால் ஒரு முழு ஒத்திகை பாருங்கள். இருபது லிட்டர் தண்ணீர் இருபது கிலோ. கேன்களில் நிரப்பிச் சட்டகத்தோடு கட்டி, படிக்கட்டிலும் மேட்டிலும் ஒரு மணி நேரம் நடங்கள். எங்கே வலிக்கிறது என்பதிலிருந்தே காரணத்தைப் பிடிக்கலாம். விரல்கள் மரத்தால் எடை தோளில் தங்குகிறது, இடுப்புப் பட்டையை அவிழ்த்து மறுபடி ஏற்றிக் கட்டுங்கள். தோளின் முன்பக்கம் கிள்ளினால் மேல்வாரை அதிகமாக இழுத்திருக்கிறீர்கள். பட்டை திரும்பத் திரும்ப நழுவினால், முன்னால் மெத்தையின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டனவா பாருங்கள். தொட்டால் இறுக்க இடமில்லை என்று பொருள், சிறிய பட்டை வேண்டும். தொடையின் வெளிப்பக்கம் எரிந்தாலோ மரத்தாலோ பட்டை கீழே இறங்கி, இடுப்பின் முன்புறம் ஓடும் தோல் நரம்பை அழுத்துகிறது. இரண்டு விரல் அளவு மேலே ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.