பென்டிரைவில் கல்யாண ஃபோட்டோவைக் காணோம்

"உன் தங்கச்சி கல்யாண ஃபோட்டோ எல்லாம் போச்சுடா. பென்டிரைவைப் போட்டா எல்லா ஃபோல்டர்லயும் சின்னதா அம்புக்குறி நிக்குது" என்று சித்தப்பா ஃபோனில் சொன்னபோதே இது ஷார்ட்கட் வைரஸின் வேலை என்று புரிந்துவிட்டது. ஆதார் நகல் எடுக்க அந்தப் பென்டிரைவை ஒரு ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனவர், வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் செருகியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் ஃபார்மட் பண்ணச் சொன்னானாம். நல்ல வேளை, பண்ணவில்லை.

"எவ்வளவு இடம் காலியா இருக்குன்னு பாருங்க சித்தப்பா." 16 ஜிபியில் 2 ஜிபிதான் காலி. அப்படியென்றால் ஃபோட்டோக்கள் உள்ளேயேதான் இருக்கின்றன. கண்ணில் படும் அம்புக்குறி ஃபோல்டர்கள் ஒவ்வொன்றும் ஓரிரு கேபிதான், அவை ஃபோல்டரே கிடையாது, ஷார்ட்கட், அதாவது கிளிக் செய்தால் வேறொன்றைத் திறக்கும் குட்டி ஃபைல்.

நிஜ ஃபோல்டர்கள் எங்கே? பென்டிரைவ் ஃபேட்32 என்ற ஃபைல் அடுக்கும் முறையில் இருந்தால், ஒவ்வொரு ஃபோல்டருக்கும் 32 பைட்டில் ஒரு பதிவு இருக்கும், கல்யாண மண்டப மொய் நோட்டில் ஒரு வரி மாதிரி. அதில் 12ஆவது பைட்தான் அந்த ஃபோல்டரின் குணத்தைச் சொல்வது. ஃபோல்டர் என்பதற்கு 16, மறைவானது என்பதற்கு 2, சிஸ்டத்துக்குச் சொந்தமானது என்பதற்கு 4. சாதாரண ஃபோல்டரில் 16 மட்டும் இருக்கும், வைரஸ் அதோடு 2ஐயும் 4ஐயும் கூட்டி 22 ஆக்கிவிடுகிறது. அவ்வளவுதான் வேலை, ஃபோட்டோவைத் தொடவே இல்லை. மறைவானவற்றைக் காட்டு என்று டிக் போட்டும் பலருக்கு ஒன்றும் தெரியாததற்குக் காரணம் அந்த 4. சிஸ்டம் ஃபைல்களை மறைக்க விண்டோஸில் தனியாக இன்னொரு டிக் இருக்கிறது.

போலி ஃபோல்டர் ஒன்றை வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டார்கெட் கட்டத்தைப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். முதலில் ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்ட்டை (வைரஸின் கட்டளைகள் எழுதிய ஃபைல்) ஓட்டு, அப்புறம் நிஜ ஃபோல்டரைத் திற என்று ஒரே வரியில் இரண்டு கட்டளைகள். ஃபோல்டரும் திறந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. முன்பெல்லாம் பென்டிரைவைச் செருகித் திறந்தாலே வைரஸ் தானாக ஓடும். விண்டோஸ் 7இல் அதை நிறுத்தி, 2011 பிப்ரவரியில் அதற்கு முந்தைய விண்டோஸ்களான எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அதே பூட்டை மைக்ரோசாஃப்ட் அப்டேட்டில் அனுப்பியது. அப்புறம் நம் கையாலேயே கிளிக் பண்ண வைப்பதுதானே வழி! (2010இல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸுக்கு அந்தக் கிளிக்கும் வேண்டியிருக்கவில்லை, ஷார்ட்கட்டின் ஐகான் திரையில் தெரிந்தாலே போதும். அந்த ஓட்டைக்கு அதே வருடம் மைக்ரோசாஃப்ட் திருத்தம் அனுப்பியது.)

எல்லோரும் முதலில் பென்டிரைவைத்தான் சுத்தம் செய்யப் போகிறார்கள், அது வீண். ஸ்கிரிப்ட் ஏற்கெனவே லேப்டாப்புக்குள் தன்னை நகலெடுத்துக்கொண்டு, விண்டோஸ் தொடங்கும்போதே ஓடும்படி, அதன் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் தன் முகவரியையும் எழுதி வைத்திருக்கும். புதிதாக ஏதாவது டிரைவ் வந்ததா என்று சில விநாடிகளுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்கும். நீங்கள் அழிக்க அழிக்க, அது போட்டுக்கொண்டே இருக்கும்.

அதனால் வைஃபையை அணைத்து, பென்டிரைவைப் பிடுங்கி, லேப்டாப்பில் ஆரம்பித்தேன். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது, கணினி ரீஸ்டார்ட் ஆகி, வழக்கமான விண்டோஸ் எழும்பாமலேயே கால் மணி நேரம் போலத் தேடும். வீட்டுக்காரன் தூங்கும்போது திருடன் வருவான் என்பார்கள், இங்கே திருடனைத் தூங்க வைத்துவிட்டுப் பிடிக்கிறோம். மறுபடி விண்டோஸ் வந்தபோது 'ஸ்கிரிப்ட் ஃபைலைக் காணோம்' என்று ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. சித்தப்பா பயந்துவிட்டார். ஆள் போய்விட்டான், ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்த வரி மட்டும் மிச்சம், அதையும் அழித்தேன்.

அப்புறம்தான் பென்டிரைவ். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் திரையில் அட்ரிப் என்ற கட்டளை அந்த 12ஆவது பைட்டை மாற்றும். மறைவு அடையாளத்தை மட்டும் எடுக்கப் பார்த்தால், இது சிஸ்டம் ஃபைல், மாற்ற மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். மைனஸ் எச் (மறைவு), மைனஸ் எஸ் (சிஸ்டம்) இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும், ஃபோல்டர்களுக்கும் பொருந்த ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் டி. என்டர் தட்டினேன், முகூர்த்தம், வரவேற்பு, நலங்கு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஃபோட்டோக்களை மட்டும் நகலெடுத்துவிட்டு அதற்குப் பிறகுதான் ஃபார்மட்.

இத்தனை செய்தும் எனக்கு நிம்மதி இல்லை. இந்த வகை ஸ்கிரிப்ட்டுகள் வேறு திருட்டு நிரல்களையும் இறக்குவதுண்டு, அவை பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டையும் லாகின் குக்கீயையும் (ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்று தளத்துக்குக் காட்டும் அடையாளச் சீட்டு) அள்ளிக்கொண்டு போகும். குக்கீ போய்விட்டால் பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது, எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக்அவுட் கொடுக்க வேண்டும், அதையும் ஃபோனிலிருந்து. சித்தப்பா அந்த லேப்டாப்பில் பேங்க் கணக்கும் பார்ப்பவர், அதனால் என் லேப்டாப்பில் தயார் செய்த வேறொரு பென்டிரைவை வைத்து விண்டோஸையே புதிதாகப் போட்டுவிட்டேன். அது ஒரு மணி நேரத்தில் முடிந்தது, பழைய பிரிண்டருக்கு டிரைவர் தேடியதில்தான் ஞாயிற்றுக்கிழமை போயே போச்சு.