புது நர்ஸ் பக்கத்துல ஒரு சீனியர் ஏன் நிக்கணும்?

நல்ல மார்க் வாங்கி, ப்ராக்டிகல்லயும் கலக்கிட்டு வந்த பொண்ணு (பையனா இருந்தாலும் இதே கதைதான்) வேலைக்கு சேர்ந்த முதல் மாசம் வார்டு நடுவுல திருதிருன்னு முழிச்சுட்டு நிக்கும். இப்போ வர்றவங்களுக்கு படிப்பு பத்தலன்னு சீனியருங்க பேசிக்குவாங்க, எனக்கு அப்படி தோணல. புக்ல ஒரு நேரத்துல ஒரு பேஷண்ட்டுதான் இருப்பாரு. வார்டுல ஒருத்தருக்கு ட்ரிப் முடியும், அதே நேரம் இன்னொருத்தர ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பணும், மூணாவது பெட்காரங்க சொந்தக்காரர் வந்து கேள்வி கேப்பாரு, டாக்டரும் ரவுண்ட்ஸ் வந்துருவாரு. இதுல எத முதல்ல பாக்கணும்னு எந்த எக்ஸாம்லயும் கேக்கறதில்ல.

பாட்ரிஷியா பென்னர்னு ஒரு அமெரிக்க நர்சிங் பேராசிரியர் 1984-லயே இத பத்தி எழுதிட்டாங்க. ஒரு நர்ஸ் அஞ்சு படி ஏறித்தான் கைதேர்ந்தவங்களா ஆகறாங்க, மூணாவது படிக்கு வரவே ஒரே மாதிரி வார்டுல ரெண்டு மூணு வருஷம் ஆகும்ங்கறாங்க. கடைசிப் படியில இருக்கறவங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கு, தாங்க ஒரு விஷயத்த எப்படி கண்டுபிடிச்சோம்னு அவங்களுக்கே சொல்ல வராது. கேட்டா "பாத்தாலே தெரியுதுல்ல"ம்பாங்க. ஜூனியருக்கு இதுல ஒண்ணும் கிடைக்காது. என்னைக் கேட்டா மென்டரிங்ங்கறதே (சீனியர் பக்கத்துல நின்னு கத்துக்குடுக்கறது) இந்த "பாத்தாலே தெரியுது"வ பிரிச்சுப் பிரிச்சு வாய்விட்டு சொல்றதுதான், கேனுலா (ட்ரிப் ஏத்தற குழாய்) போடறதயும் கதீட்டர் (யூரின் போகற குழாய்) போடறதயும் எப்படியும் கத்துக்குவாங்க.

ஆபரேஷன் முடிஞ்சு வந்த ஒரு பேஷண்ட்ட எடுத்துக்கோங்க. பல்ஸ் 104, பிபி 110/70, சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) 96, மானிட்டர்ல அலாரம் எதுவும் அடிக்கல. ஜூனியர் சார்ட்ல எழுதிட்டு அடுத்த பெட்டுக்கு போயிருவாங்க. அனுபவம் உள்ளவங்க அங்கயே நிப்பாங்க, ஏன்னா அவரு போர்வைய பிடிச்சு இழுத்துட்டே இருக்காரு, காலைல நல்லா பேசினவரு இப்போ ரெண்டு வார்த்தையோட நிறுத்திக்கறாரு. மூச்ச முழுசா ஒரு நிமிஷம் எண்ணிப் பாத்தா 26. பெரியவங்களுக்கு சும்மா படுத்திருக்கும்போது 12-லருந்து 20 வரைக்கும்தான் இருக்கணும். (நிறைய சார்ட்ல எல்லா பேஷண்ட்டுக்கும் 20-ன்னே எழுதியிருக்கும், வார்டே சொல்லி வச்ச மாதிரி மூச்சு விடுது!) ஆக்சிஜன் ஓடிட்டிருந்தா சாச்சுரேஷன் நல்லாத்தான் காட்டும், அத நம்பி உக்காரக் கூடாது. அடுத்தது யூரின் பேக், 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது வரணும். உள்ள ரத்தம் கசிஞ்சா உடம்பு பல்ஸ ஏத்தி ரத்தக் குழாய இறுக்கி கொஞ்ச நேரம் சமாளிக்கும், அதனால பிபி இறங்குறது கடைசிலதான், அது வரைக்கும் காத்திருந்தா கை மீறிரும். இவ்வளவும் சீனியர் மனசுக்குள்ள அர நிமிஷத்துல ஓடிருது, பக்கத்துல நிக்கற ஜூனியருக்கு அவங்க பேக்க குனிஞ்சு பாத்தது மட்டும்தான் தெரியும்.

அடுத்தது ராத்திரில டாக்டருக்கு போன் பண்றது. "சார், பேஷண்ட் ஒரு மாதிரியா இருக்காரு"ன்னு ஆரம்பிச்சா "ஒரு மாதிரின்னா என்னம்மா?"ன்னு கோவமா ஒரு கேள்வி வரும், அதோட அந்தப் பொண்ணு அடுத்த தடவ கூப்பிடவே பயப்படும். எஸ்பிஏஆர்னு ஒரு முறை இருக்கு, அமெரிக்க கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்லருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது. இப்போ என்ன நடக்குது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கறேன், நீங்க என்ன செய்யணும், இந்த நாலும் வரிசையா சொல்லணும். சீனியர் போன வாங்கி தானே பேசிட்டா வேலை சீக்கிரம் முடியும், ஆனா கத்துக்குடுத்த மாதிரி ஆகாது. முதல்ல தன்கிட்ட ஒரு தடவ சொல்ல வச்சுட்டு, பக்கத்துல நின்னு ஜூனியரயே பேச வைக்கணும்.

மருந்து விஷயத்துல இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். பொட்டாசியம் குளோரைட கலக்காம நேரா வெயின்ல தள்ளினா இதயம் நின்னு போயிரும், எல்லாரும் படிச்சதுதான். இன்சுலின், ஹெப்பரின் (ரத்தம் உறையாம இருக்க குடுக்கறது) மாதிரி மருந்துக்கு டபுள் செக்னா ரெண்டு பேரும் தனித்தனியா கணக்கு போட்டு பாக்கணும், சீனியர் லோட் பண்ணிட்டு "சரியாம்மா?"ன்னு கேட்டா ஜூனியர் தலையாட்டத்தானே செய்யும், அது செக்கே இல்ல. "நான் போட்ட கணக்க நீ தப்புன்னு நிரூபி"ன்னு சொல்ற சீனியர நான் பாத்திருக்கேன், அந்த வார்டுல ஜூனியருங்க பயமில்லாம கேள்வி கேப்பாங்க. பேஷண்ட் முன்னாடி வச்சு திட்டற இடத்துல சந்தேகத்த முழுங்கிட்டு ஊசிய போட்டுருவாங்க. நாங்களும் திட்டு வாங்கித்தான் கத்துக்கிட்டோம்னு சொல்றவங்ககிட்ட எனக்கு எப்பவும் சண்டதான்.

ஆனா சீனியர மட்டும் குறை சொல்லியும் பிரயோஜனம் இல்ல. முழு பேஷண்ட் லோடயும் தலைல கட்டிட்டு புதுசா வந்தவங்களயும் பாத்துக்கோன்னா யாரால முடியும்? மென்டருக்கு ரெண்டு பேஷண்ட்ட குறைக்கணும், ஆரம்ப வாரங்கள்ல ரெண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட் போடணும், மார்க் போடற இன்சார்ஜே மென்டரா இருக்கக் கூடாது, ஏன்னா மார்க் போடறவங்ககிட்ட யாரும் தெரியலன்னு சொல்ல மாட்டாங்க. பத்து வருஷம் வார்டுல இருந்தவங்கள ஐசியூக்கு மாத்தினா அவங்களும் அங்க புதுசுதான், அவங்களுக்கும் ஒருத்தர் வேணும்.

சீனியருங்க நமக்கும் இதுல லாபம் உண்டு. தடுப்பூசி போடும்போது சிரிஞ்ச பின்னாடி இழுத்து ரத்தம் வருதான்னு பாக்கணும்னு எங்களுக்கு சொல்லிக்குடுத்தாங்க, இப்போ அது தேவையில்ல, குழந்தைக்கு வலி கூடறதுதான் மிச்சம்னு ஜூனியருங்க படிச்சுட்டு வர்றாங்க. அத அவங்க சொல்லும்போது "எனக்கே சொல்லித்தரியா"ன்னு கேக்காம கைட்லைன எடுத்து வச்சு சேர்ந்து படிங்க.